"கரண்ட் போனா இது எனக்குச் சொல்லுமா?" – ஸ்மார்ட் சாதனம் வாங்கப் போறவங்களுக்கு ஒரு கடைக்காரனின் பேச்சு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

தஞ்சாவூர்ல வீட்டு உபயோகப் பொருள் விற்கிற கடை ஒன்றில் 19 வருஷமா வேலை பார்க்கிறேன். முதல்ல மிக்சி, கிரைண்டர் பக்கம் நின்றேன். இப்போ ஏ.சி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் இருக்கிற மாடி முழுக்க என் பொறுப்பு. புதுசா வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசணும் என்று சொல்லிக் கொடுப்பதும் நான்தான்.

இன்றைக்கு நான் பேச வந்தது "ஸ்மார்ட்" என்கிற ஒரு சொல்லைப் பற்றி. ஸ்மார்ட் ஏ.சி, ஸ்மார்ட் ஃபேன், ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் கேமரா என்று இப்போ எல்லா அட்டைப் பெட்டியிலும் அந்தச் சொல் இருக்கு. அது இருந்தால் விலையும் கூட இருக்கு. கூடக் கொடுக்கிற அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குது? இதை வாங்குறவங்களுக்கு ஒழுங்காச் சொல்ல நான் ரொம்ப நாள் தடுமாறினேன். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு விவசாயி. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த ஒரு கேள்வி

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துல நெல் போட்ட பணம் பேங்கில் ஏறுகிற சமயம். எங்க ஊர்க் கடைகளுக்கு அது ஒரு சின்னத் தீபாவளி மாதிரி. திருவையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் மகளோடு வந்தார். வாஷிங் மெஷின் வேணும். எழுபது வயசு இருக்கும். வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் பழைய பட்டன் போன்.

நான் வைஃபை வெச்ச மெஷினைக் காட்டினேன். உண்மையைச் சொல்லிடறேன், அந்த மாடலுக்கு எங்களுக்கு இன்சென்டிவ் கூட. பத்து நிமிஷம் விடாமல் பேசினேன். "ஐயா, நீங்க வயல்ல இருந்தே மெஷினை ஓட விடலாம். துணி துவைச்சு முடிஞ்சா போனுக்கு மெசேஜ் வரும். ஆப்ல புது வாஷ் புரோகிராம் இறக்கிக்கலாம்."

பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "தம்பி, கரண்ட் போனா இது எனக்குச் சொல்லுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் சேர்ந்து போய்விடுமே, அது எப்படிச் சொல்லும்? "இல்லீங்கய்யா" என்றேன்.

அவர் அந்தப் பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "எங்க போர்செட்டுல இருக்கிறது சொல்லும். கரண்ட் போனாலும் சொல்லும், வந்தாலும் சொல்லும். தண்ணி ஏறலன்னா அதுவே மோட்டார நிறுத்திப்புடும். இதுல அது மாதிரி என்ன இருக்கு, அதச் சொல்லு."

நான் ஸ்மார்ட் பற்றி அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவரோ அதை வருஷக்கணக்கா மோட்டார் கொட்டகையில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

டெல்டாவுக்கு ஸ்மார்ட் புதுசு இல்ல

விவசாயம் தெரியாதவங்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குறேன். வயல்ல போர் போட்டு மோட்டார் வெச்சிருப்பாங்க. அதுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேணும். ரொம்ப காலத்துக்கு அந்த மூன்று ஃபேஸ் நாள் முழுக்க வராது. பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம் என்று முறை வைத்துத்தான் வரும். ராத்திரி முறை வந்தால் 11 மணிக்கோ 2 மணிக்கோ எழுந்து, டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போடணும். வரப்பில் பாம்பு கிடக்கும். மழைக் காலமாக இருந்தால் சேறு. போய்ச் சேர்ந்தால் கரண்ட் வந்திருக்காது. திரும்பி வந்து படுத்தால் வந்திருக்கும்.

இந்த நடையை மிச்சம் பண்ணத்தான் மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி. அதுக்குள்ள ஒரு சிம் கார்டு. நாம் அந்த நம்பருக்குப் போன் பண்ணினால், மோட்டாரைப் போட இந்த எண், நிறுத்த அந்த எண் என்று குரல் சொல்லும். மூன்று ஃபேஸும் சரியா வருதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடும். ஒரு ஃபேஸ் விட்டுப் போனாலோ, போரில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் சும்மா ஓடினாலோ நிறுத்திவிடும். காயில் கருகாது. உள்ளே சின்ன பேட்டரி இருக்கிற மாடலாக இருந்தால், கரண்ட் போனதையும் போன் பண்ணிச் சொல்லும்.

புணேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்கிற என்ஜினீயர் இந்த வேலைக்காகவே 'நானோ கணேஷ்' என்று ஒரு கருவி செய்தார். வயசான காலத்திலும் மோட்டார் போட வயலுக்கு நடந்து போன தன் தாத்தாவைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 2009-இல் நோக்கியா நடத்திய உலக அளவிலான போட்டியில் அந்தக் கருவிக்குப் பரிசு கிடைத்தது. பிறகு பல கம்பெனிகள் இதே மாதிரி கருவிகளைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் கொடுக்குது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அந்தப் பெட்டிக்கு ஆப் வேண்டாம், வைஃபை வேண்டாம், பெரிய போன் வேண்டாம். எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம். ஆனால் ராத்திரி நடையைக் குறைக்குது, மோட்டார் எரிகிற பயத்தைக் குறைக்குது. அதனால்தான் யாரும் விளம்பரம் பண்ணாமலே ஊர் ஊராகப் பரவியது. ஒருத்தர் வயலில் இருந்தால் பக்கத்து வயல்காரர் வந்து பார்த்து வாங்கினார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன பிறகும் இதே யோசனைதான். மறுநாளிலிருந்து ஸ்மார்ட் என்று எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். இது எந்த நடையை மிச்சம் பண்ணுது? எந்தக் கவலையைக் குறைக்குது? எத்தனை யூனிட்டைக் குறைக்குது? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், அது பெட்டிமேல் ஒட்டின ஸ்டிக்கர் மட்டும்தான்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

முதலில் வாஷிங் மெஷின். துணியை நீங்கதான் போடணும், நீங்கதான் எடுத்துக் காயப்போடணும். அந்த இரண்டு நேரமும் மெஷின் முன்னாடிதான் நிற்கப் போறீங்க. வயலிலிருந்து ஓட விட்டு என்ன லாபம்? என் கணக்கில் அதில் வைஃபைக்குக் கொடுக்கிற பணம் பெரும்பாலான வீட்டில் வீண். கேட்க வேண்டியது வேற. "பாதியில கரண்ட் போய் வந்தா, விட்ட இடத்துல இருந்து ஓடுமா?" இந்த வசதி பல சாதாரண மாடலிலேயே இருக்கு. "மேல்தொட்டியில இருந்து தண்ணி மெதுவா வந்தா எடுத்துக்குமா?" என்றும் கேளுங்க. ஓட்டு வீட்டில் தொட்டி உயரமில்லாமல் இருந்தால் இது முக்கியம். அந்தப் பெரியவருக்கு இந்த இரண்டும் இருக்கிற, வைஃபை இல்லாத மெஷினைக் கொடுத்தேன். 4,000 ரூபாய் குறைவு.

அடுத்து ஃபேன். இங்கே ஆப்பைவிட மோட்டார்தான் விஷயம். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். 45 வாட் மிச்சம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு 32 யூனிட். ஒரு ஃபேனுக்கு இவ்வளவு. எங்க ஊர்ப் புழுக்கத்தில் மூன்று ஃபேன் ஓடுகிற வீடு சாதாரணம். இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீட்டில் கரண்ட் போன நேரத்திலும் பேட்டரி கூட நேரம் தாங்கும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம். அதனால் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குங்க. அதோடு வருகிற ரிமோட்டும் சும்மா இல்ல. மூட்டு வலிக்காரங்க ராத்திரி எழுந்து ரெகுலேட்டரைத் தேட வேண்டாம். அது ஒரு நடை மிச்சம்.

மூன்றாவது, மேல்தொட்டி. நான் பார்த்ததில், வீட்டுக்குள் வருகிற ஸ்மார்ட் சாதனத்தில் எங்க பகுதிக்கு அதிகம் பிரயோஜனமானது தண்ணீர்த் தொட்டிக் கன்ட்ரோலர்தான். தொட்டி காலியானால் மோட்டார் தானே ஓடும், நிரம்பினால் நிற்கும். கீழ்த்தொட்டியிலோ போரிலோ தண்ணீர் இல்லை என்றாலும் நிற்கும். இதை யாரும் ஸ்மார்ட் என்று சொல்லி விற்பதில்லை. எலக்ட்ரீஷியனே வாங்கி மாட்டிவிடுவார். ஆனால் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிற சாதனம் இது. "மோட்டாரை நிறுத்துனியா?" என்று வீட்டுக்குள் நடக்கிற சண்டையும் மிச்சம்.

500 என்கிற கோடு

நான்காவது ஏ.சி. இங்கேதான் ஸ்மார்ட் வசதி நிஜமாகவே காசாக மாறலாம். அதுக்கு நம்ம கரண்ட் பில் எப்படிப் போடுறாங்க என்று தெரியணும்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். அதுக்கு மேலே படிப்படியா விலை ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கிறேன். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆனால்? அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறினால் பரவாயில்லை. மொத்தக் கணக்கும் வேற பட்டியலுக்கு மாறிவிடும். 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு போட்டு, பில் 1,958 ஆகிவிடும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். பிறகு ரேட் கொஞ்சம் ஏறியிருக்கு. ஆனால் 500-இல் இருக்கிற இந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கு.

ஏ.சி இல்லாத வீடு பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும். ஏ.சி போட்ட வீடு சித்திரை, வைகாசியில் கோட்டைத் தாண்டிவிடும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி மணிக்கு முக்கால் யூனிட் எடுக்குது என்று தோராயமா வைப்போம். விடியற்காலை 4 மணிக்கே வெளியில் குளிர்ந்துவிடும். 6 மணி வரை ஓடுகிற ஏ.சி 4 மணிக்கு நின்று ஃபேன் ஓடினால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். 60 நாளில் 90 யூனிட். கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதைத் தீர்மானிக்கிற அளவு இது.

இதை ஆப்பில் ஒரு தடவை அமைத்துவிட்டால் தினமும் நடக்கும். எத்தனை யூனிட் ஓடியிருக்கு என்றும் பல மாடல்களில் பார்க்கலாம். இது நிஜமான பலன். ஆனால் வாடிக்கையாளரிடம் இன்னொன்றையும் சேர்த்தே சொல்வேன். சாதாரண ரிமோட்டிலேயே டைமர் இருக்கு. தினமும் படுக்கும்போது அதை அமுக்குகிற பழக்கம் இருந்தால் வைஃபை தேவையில்லை. வாசல்ல இருக்கிற கரண்ட் மீட்டரை வாரத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்க. வீட்டு மொத்தக் கணக்கும் அதில் இலவசமாகவே இருக்கு. ஏ.சி ஆப் ஏ.சியை மட்டும்தான் காட்டும், 500 என்கிற கோடோ வீடு முழுக்கும்.

இன்னொரு விஷயம். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் போட்ட ஏ.சி எல்லாம் 24 டிகிரியில் ஆரம்பிக்கிற மாதிரிதான் வரணும். அதை 18-க்கு இறக்கினால் அறை சீக்கிரம் குளிராது. மெஷின்தான் நிற்காமல் ஓடும். 24-லேயே விட்டு ஒரு ஃபேனையும் ஓட விடுங்க. இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

நான் பண்ணின தப்பு

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு பெரிய தப்புப் பண்ணியிருக்கேன். ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு வீடு. மகன் சிங்கப்பூரில். அம்மா மட்டும் இங்கே தனியா இருக்காங்க. டெல்டாவில் இப்படி எத்தனை வீடு இருக்கு என்று உங்களுக்கே தெரியும். மகன் வாட்ஸ்அப்பில் பேசினார். "அண்ணே, அம்மா நல்லா இருக்காங்களான்னு எனக்குத் தெரியணும். என்னென்ன வேணுமோ எல்லாம் போட்டுடுங்க." நானும் போட்டேன். இரண்டு கேமரா, ஸ்மார்ட் பல்பு நாலு, ஹீட்டருக்கு ஸ்மார்ட் பிளக், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு வைஃபை ரூட்டர். பணம் அன்றைக்கே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ராத்திரி 11 மணிக்கு மகனிடமிருந்து போன். கேமரா வரலை, பல்பு வரலை, அம்மாவும் போன் எடுக்கலை. மனுஷன் பதறிட்டார். எனக்கும் கை கால் ஓடலை. பக்கத்து வீட்டு நம்பர் வாங்கி, அவங்களை எழுப்பிப் போய்ப் பார்க்கச் சொன்னோம். அம்மா நிம்மதியாத் தூங்கிக்கொண்டிருந்தாங்க.

மறுநாள் நேரில் போனேன். அந்த அம்மா சொன்னாங்க: "நான் ராத்திரியில எல்லா சுவிட்சையும் நிறுத்திட்டுத்தான் தம்பி படுப்பேன். நாப்பது வருஷமா அப்படித்தான். மின்னல் வெட்டுனா பிளக்கையும் புடுங்கிருவேன்." ரூட்டரையும் சேர்த்து நிறுத்தியிருக்காங்க. ரூட்டர் நின்றால் எல்லாம் நின்றுபோச்சு. தாழ்வாரத்துக் கேமராமேல் ஒரு துண்டு தொங்கிச்சு. கேட்டேன். "குளிச்சிட்டு அந்த வழியாத்தான வரணும்? அவன் பாத்தா பரவால்ல, வேற யாரு பாக்குறாளோ" என்றாங்க.

அவங்க பண்ணினது எதுவும் தப்பு இல்ல. சுவிட்சை நிறுத்துவது சிக்கனம். இடி மின்னலுக்குப் பிளக்கைப் பிடுங்குவது நல்ல பழக்கம். கேமராமேல் துண்டு போட்டது அவங்க உரிமை. தப்பு என்னுடையது. சாதனத்தோடு வாழப்போறவங்க அவங்க. நான் பேசினது பணம் கொடுக்கிற மகனிடம் மட்டும்.

அன்றைக்கு உட்கார்ந்து அந்த அம்மாவிடமே கேட்டேன், "உங்களுக்கு எது கஷ்டம்?" இரண்டு சொன்னாங்க. ராத்திரி கொல்லைப் பக்கம் போகும்போது இருட்டு. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போறது. நடமாட்டம் தெரிந்தால் தானே எரிகிற சென்சார் விளக்கு ஒன்று கொல்லையில், தொட்டிக்கு ஒரு கன்ட்ரோலர். இரண்டுக்கும் வைஃபை வேண்டாம். ரூட்டருக்குக் குட்டி யு.பி.எஸ் ஒன்று போட்டு அந்தச் சுவிட்சுக்கு மேலே ஒரு டேப் ஒட்டினேன். உள்ளே இருந்த கேமராவைக் கழற்றி வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். "வாசல்ல யாரு வந்தான்னு அவன் பாக்கட்டும்" என்று சம்மதிச்சாங்க. இரண்டு பல்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். காலையில் அம்மா வாசல் தெளிக்க வரும்போது மகனுக்குத் தெரியும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

எல்லாம் போன பிறகும் ஓடணும்

இன்னொரு பாடம் கஜா புயல் கொடுத்தது. 2018 நவம்பர் 16. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்தது. புயல் அடித்த மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரலை. செல் டவரும் இல்ல. அந்த நாட்களில் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மோட்டாரில் கோத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினாங்க. கையால் போடுகிற சுவிட்ச் இருந்ததால்தான் அது முடிந்தது.

அதனால் எந்த ஸ்மார்ட் சாதனமாக இருந்தாலும் நான் பார்க்கிற முதல் விஷயம் இதுதான்: நெட் இல்லாமல், போன் இல்லாமல், கையால் போட்டு நிறுத்த முடியுமா? முடியாது என்றால் வேண்டாம்.

நெட் போவதற்குப் புயல்தான் வரணும் என்பதில்லை. கம்பெனியே மூடிக்கொண்டு போகலாம். அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு கருவி. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாத்தையும் ஒன்றாக இணைக்கிறது. அந்தக் கம்பெனியை கூகுளின் நெஸ்ட் வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கினவங்க வீட்டில் கருவி வெறும் டப்பாவாகிவிட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்கிற கம்பெனியின் சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோச்சு. அங்கே பெரிய பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத பிராண்டில் மலிவா வாங்குகிற பிளக்கின் ஆப் மூன்று வருஷம் கழித்து இருக்குமா என்று யோசிக்கணும்.

கேமரா வாங்கினால் வாங்கின அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்க. 2016-இல் மிராய் என்று ஒரு வைரஸ், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட லட்சக்கணக்கான கேமராக்களுக்குள் புகுந்தது. அவற்றை வைத்தே அந்த அக்டோபரில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கினாங்க. துண்டு போட்ட அந்த அம்மாவின் பயம் வெறும் பயம் இல்ல.

கடைக்குப் போகும்போது

சரி, சுருக்கமா சொல்றேன். நீங்க கடைக்கு வரும்போது விற்கிறவரிடம் கேட்க வேண்டியவை இவை.

இதே மாடல் வைஃபை இல்லாமல் இருக்கா, விலை வித்தியாசம் எவ்வளவு? அந்த வித்தியாசத்துக்கு எனக்கு எந்த நடை, எந்தக் கவலை, எத்தனை யூனிட் குறையும்? கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? லோ வோல்டேஜில் ஓடுமா, ஸ்டெபிலைசர் தனியா வாங்கணுமா? கையால் இயக்க முடியுமா? ஆப்புக்கு மாதச் சந்தா உண்டா? கேமரா என்றால், படம் வீட்டிலேயே மெமரி கார்டில் பதியுமா? சர்வீஸ் ஆள் தஞ்சாவூரில் இருக்காரா, திருச்சியிலிருந்து வரணுமா?

இரண்டு சின்ன விஷயம், நிறைய பேர் மாட்டிக்கிற இடம். ஸ்மார்ட் பிளக்கில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. 6 ஆம்பியர் பிளக் டி.வி, ஃபேனுக்கு. ஹீட்டருக்கோ ஏ.சிக்கோ 16 ஆம்பியர் வேணும். மாற்றிப் போட்டால் பிளக் உருகும். அடுத்து, இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் இணையும். புது ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டுவைத்திருந்தால் "சாதனம் ரிப்பேர்" என்று திரும்பக் கொண்டுவருவாங்க. ரிப்பேர் ஒன்றும் இருக்காது.

வீட்டில் அதைப் பயன்படுத்தப் போறவங்களைக் கூட்டிக்கொண்டு வாங்க. அம்மாவுக்கு வாங்கினால் அம்மா வரட்டும். வர முடியாது என்றால் வீடியோ காலில் அவங்களிடம் எங்களைப் பேச விடுங்க.

என் தொழிலில் இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. வைஃபை, ஏ.ஐ என்று ஆரம்பிக்காதீங்க. "உங்க வீட்டுல யாரு யாரு இருக்காங்க? ராத்திரி கரண்ட் எப்படி? கடைசி பில் எவ்வளவு வந்துச்சு?" என்று ஆரம்பிங்க. பதில் வந்ததும் எது வேணும், எது வேணாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வேணாம் என்று ஒன்றைச் சொன்னால் அந்த மாசம் இன்சென்டிவ் குறையும், உண்மைதான். எனக்கும் குறைந்தது.

ஆனால் 4,000 ரூபாய் குறைவா வாஷிங் மெஷின் வாங்கிப் போன அந்தப் பெரியவர் அடுத்த வருஷம் சம்பா பணத்தோடு திரும்ப வந்தார். இந்தத் தடவை மூன்று பி.எல்.டி.சி ஃபேன், ஒரு ஏ.சி. கூடவே அவருடைய தெருக்காரர் இரண்டு பேர். ஏ.சியில் நானே வைஃபை மாடலைக் காட்டினேன். பேத்தி படிக்க ராத்திரி ஓடும், எல்லாரும் தூங்கினதும் யாரும் நிறுத்துவதில்லை என்று அவர்தான் சொன்னார். 4 மணிக்குத் தானே நிற்கும், 500-க்குள் பில்லை வைக்கப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இது சொல்லுற சேதி" என்றார்.

அடுத்த தடவை பெட்டிமேல் ஸ்மார்ட் என்று பார்த்தால், அந்தப் பெரியவரின் கேள்வியைக் கடைக்காரரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.